நூலகம் போகாதவருக்கு நூலக வரி கிடையாதா?

"நூலக உறுப்பினர் இல்லை என்று எழுதிக் கொடுத்தால், சொத்து வரியில் நூலக வரியைக் கழித்துவிடுவார்கள்." கோவை, திருப்பூர் பக்கம் வாட்ஸப் குழுக்களில் சுற்றும் செய்தி இது. தவறு. சட்டத்தில் அப்படி ஒரு விலக்கே இல்லை.

1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி இந்த வரி சொத்து வரியோடு சேர்த்தே வசூலாகிறது. ரூபாய்க்கு 10 பைசா. கணக்கு உங்கள் சொத்து வரியை வைத்துத்தான், நீங்கள் எடுத்த புத்தகங்களை வைத்து அல்ல.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், கட்டணத்தையும் வரியையும் ஒன்றாக நினைப்பதில். பஸ்ஸில் ஏறினால்தான் டிக்கெட், அது கட்டணம். வரி அப்படியல்ல. அதற்கு நேரடிக் கைம்மாறு எதிர்பார்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1954-லேயே, சிரூர் மடம் வழக்கில், பிரித்துச் சொல்லிவிட்டது.

சரி, சட்டம் கிடக்கட்டும், பயன்படுத்தாததற்கு ஏன் கட்ட வேண்டும் என்கிறீர்களா? நியாயமான கேள்விதான். ஆனால் அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தைப் பாருங்கள். ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானி நீர். செலவு 1,900 கோடி ரூபாய்க்கு மேல், மாநில அரசின் பணம். அதில் நாகர்கோவிலில் சோப்பு வாங்கியவர் கட்டிய ஜிஎஸ்டியும் உண்டு. அவர் நம்மூர்க் குளத்தை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

அப்புறம், அந்தச் செய்தியை நம்பித் தொகையைக் குறைத்துக் கட்டியவர்களுக்கு: மீதி உங்கள் பெயரில் பாக்கியாக நிற்கும்.