தூணைத் தடவிப் பார்த்தேன், ஒட்டு தெரியவில்லை

நேற்றுப் பழைய கார்களின் கண்காட்சியில், மாற்றிக் கட்டப்பட்ட ஒரு 1951 மெர்குரி கூபேயின் (ஃபோர்டு நிறுவனத்தின் இரண்டு கதவுக் கார்) அருகே ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டேன். கூட்டம் முழுவதும் எஞ்சினைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தது. கருஞ்சிவப்பு வண்ணத்தில் முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. எனக்கோ அதன் கூரையை விட்டுக் கண் நகரவில்லை. மேலே எரிந்த விளக்கின் கோடு அந்தக் கூரையில் விழுந்து, ஓரிடத்திலும் நெளியாமல் பின்கண்ணாடி வரை வழுக்கிச் சென்றது.

அந்தக் கூரை அறுத்துத் தாழ்த்தப்பட்டது. கூரையைத் தாங்கும் தூண்களை அறுத்துக் கூரையை இறக்கினால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. தூண்கள் மேலே போகப் போக உட்பக்கமாகச் சாய்கின்றன. நடுவில் நான்கு அங்குலத்தை எடுத்துவிட்டால் மேல் துண்டும் கீழ்த் துண்டும் நேருக்கு நேர் பொருந்தாது. கூரையையே குறுக்கே அறுத்து, புதுத் தகடு சேர்த்து நீட்ட வேண்டும். பின்கண்ணாடியை முன்னோக்கிச் சாய்க்க வேண்டும். கதவுச் சட்டங்களையும் கண்ணாடிகளையும் அதே கணக்கில் வெட்ட வேண்டும்.

பற்றவைக்கும்போது சூட்டில் தகடு நெளியும். அதனால் இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி என்று வைத்து, ஆறவிட்டு, அடுத்ததற்குப் போக வேண்டும். பிறகு இணைப்பின் மேல் பட்டி பூசி மறைத்துவிடுவது சுலபமான வழி. இதைச் செய்தவர் ஈயம் பூசியிருக்கிறார். ஈயத்தோடு வெள்ளீயம் கலந்த அந்த உலோகம் 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி, முழுவதும் உருகுவதற்கு முன்னால் சிறிது நேரம் களிம்பு போல நிற்கும். அந்தப் பதத்தில்தான் மெழுகு தடவிய மரக்கட்டையால் இழுத்துப் படியவைக்க வேண்டும். சூடு கூடினால் ஒழுகிவிடும். பூசுமுன் தகட்டில் தடவிய அமிலத்தைச் சரியாகக் கழுவாவிட்டால், பல மாதம் கழித்து பெயிண்ட் கொப்புளிக்கும்.

அந்த வேலையைச் செய்தவர் அங்கேயே ஓர் ஓரமாக நின்றிருந்தார். ஒட்டைப் பற்றி நான் கேட்டதும் என் விரல்களைப் பிடித்துத் தூணின் மேல் வைத்து, “ஒட்டு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்” என்றார். இரண்டு முறை மேலும் கீழும் தடவினேன். தெரியவில்லை.

பழைய காரில் கைவைப்பதே பாவம் என்பவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். ஒன்றிரண்டே எஞ்சியிருக்கும் அரிய வண்டி என்றால் இன்றும் அதையே சொல்வேன். லட்சக்கணக்கில் செய்து விற்ற மாடலுக்கு அந்த விதி ஏன்? 1952-ல் கலிபோர்னியாவில் கார்களை மாற்றிக் கட்டும் பாரிஸ் (Barris) சகோதரர்கள் பாப் ஹிரோஹாட்டா என்ற வாடிக்கையாளருக்காக மாற்றிக் கொடுத்ததும் ஒரு 1951 மெர்குரிதான். அறுத்து மாற்றிய அந்த வண்டியையே இன்று வரலாற்றுச் சின்னமாகப் போற்றுகிறார்கள். அந்தச் சகோதரர்களில் ஜார்ஜின் புகழ் ஊரெங்கும் பரவியது. தகட்டு வேலையில் தேர்ந்த அண்ணன் சாமைக் கார் பித்தர்களுக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்?

நேற்றைய காரின் முன்னாலும் ஓர் அட்டை இருந்தது. உரிமையாளர் பெயர், எஞ்சின் விவரம், சக்கரம், வண்ணத்தின் பெயர், எல்லாம் அதில் உண்டு. கூரையை அறுத்து ஒட்டியவரின் பெயர் இல்லை. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. கண்காட்சி நடத்துபவர்களே, அந்த அட்டையில் இன்னொரு வரிக்கு இடம் விடுங்கள். கார் வைத்திருப்பவர்களே, அந்த வரியை நீங்களே கேட்டு எழுதுங்கள்.