கொலை நாவல் படிப்பவர் வாசகர் இல்லையா?

சனிக்கிழமை நம் வாசகர் குழுவின் இணையக் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று தெரியும். இல்லாதவர்களுக்கும் இதற்குள் ஸ்கிரீன்ஷாட் வந்து சேர்ந்திருக்கும். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இந்த வருடம் தனக்குப் பிடித்த நாவல்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி குற்றப்புனைவு, பாதி மனசுக்குத் தெம்பு தருகிற ஃபீல்-குட் கதைகள். அவர் முடிப்பதற்குள் மூத்த வாசகர் ஒருவர், "ஒரு பக்கம் பிணம், இன்னொரு பக்கம் பூனை. இதில் பேச என்ன இருக்கிறது?" என்றார். பலரும் சிரித்தார்கள். அந்தப் பெண் கேமராவை அணைத்துவிட்டார். "சரி, இலக்கியத்துக்கு வருவோம்" என்று கூட்டம் நகர்ந்துவிட்டது.

பேச நிறைய இருக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு வகை நாவல்களும் முதல் பக்கத்திலேயே வாசகருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத் தொடங்குகின்றன. குற்ற நாவல் சொல்வது: இதற்கு ஒரு விடை இருக்கிறது, அந்த விடைக்கான துப்பை உன் கண் முன்னாலேயே வைப்பேன். தெம்பு தரும் நாவல் சொல்வது: கடைசியில் உனக்கு வாழ்க்கை மேல் ஒரு பிடிப்பு வரும், ஆனால் உன்னை ஏமாற்றி அதை வரவைக்க மாட்டேன். வாக்கைக் காப்பாற்றினாரா இல்லையா என்று பக்கத்தைத் திருப்பிச் சரிபார்க்கலாம். எழுத்தாளர் கணக்குக் காட்டியே ஆக வேண்டும். இவ்வளவு வெளிப்படையாக மாட்டிக்கொள்ளக்கூடிய எழுத்தை எளிது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

1929இல் ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே வந்துவிட வேண்டும். துப்பறிபவருக்குத் தற்செயல் உதவக் கூடாது. அவர் கண்ட துப்பை உடனே வாசகருக்கும் காட்ட வேண்டும். மறுவருடம் லண்டனில் டிடெக்‌ஷன் கிளப் தொடங்கியது. அதில் சேருகிற எழுத்தாளர்கள், வாசகரிடம் முக்கியமான துப்பை மறைக்க மாட்டோம் என்று உறுதிமொழியே எடுத்தார்கள். அந்த விதிகளில் சில பழசாகிவிட்டன, உண்மைதான். நேர்மை பற்றிய அந்தக் கவலை பழசாகவில்லை.

காட்டவும் வேண்டும், கண்ணில் படவும் கூடாது. இந்த வகையின் மொத்தக் கஷ்டமும் இங்கேதான். துப்பை ஒளிக்க நல்ல எழுத்தாளர்கள் செய்வதைக் கவனியுங்கள். மேசை மேல் இருந்த ஏழு பொருட்களைப் பட்டியல் போட்டு, வேண்டியதை நான்காவதாக வைப்பார்கள். முதலும் கடைசியும்தான் நம் நினைவில் நிற்கும். அல்லது துப்பைச் சொன்ன அடுத்த வரியிலேயே கதவு உடையும், யாராவது அலறுவார்கள். நம் கவனம் சத்தத்தின் பின்னால் ஓடிவிடும். அல்லது எப்போதும் தொணதொணவென்று பேசும் பாத்திரத்தின் வாயில் உண்மையைக் கொடுத்துவிடுவார்கள், நாம் அவரைக் கேட்பதே இல்லை. ஒரு துப்பை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை மூன்றாம் அத்தியாயத்திலும் மறு பாதியை இருபதாம் அத்தியாயத்திலும் வைப்பதுண்டு. நடக்காத ஒன்றே துப்பாவதும் உண்டு. 1892இல் வந்த 'சில்வர் பிளேஸ்' கதையில் ராத்திரி நாய் குரைக்கவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு ஷெர்லாக் ஹோம்ஸ் முடிச்சை அவிழ்ப்பதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

என் அண்மைய விருப்பங்களில் முதலிடம் கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்'. 2005இல் ஜப்பானிய மொழியில் புத்தகமாக வந்தது, அங்கே நவோக்கி இலக்கியப் பரிசு பெற்றது. கொலை யார் செய்தது, ஏன் செய்தது என்பதெல்லாம் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. முன்னாள் கணவனைக் கொன்றுவிட்ட ஒரு தாயையும் மகளையும் காப்பாற்ற, அடுத்த வீட்டுக் கணித ஆசிரியர் இஷிகாமி ஒரு திட்டம் போடுகிறார். அவருடன் பல்கலைக்கழகத்தில் படித்த இயற்பியலாளர் யுகாவா அதைப் பிரிக்கப் பார்க்கிறார். எல்லாம் தெரிந்த பிறகு மர்மம் எங்கே? தெரியும் என்று நாம் நினைப்பதில்தான். இஷிகாமி தன் தேர்வுத்தாள்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்வார். ஆசிரியர் தொழில் பேச்சு என்று கடந்துபோவோம். முடித்ததும் அந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போங்கள். இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

இந்த நாவல் வாசகருக்குத் துப்புகளைப் போதுமான அளவு கொடுத்ததா, இல்லையா என்று ஜப்பானிலேயே மர்மக்கதை எழுதுபவர்களுக்கும் விமர்சகர்களுக்கும் இடையே பெரிய விவாதம் நடந்தது. எதிர்த்தவர்களும் பக்கத்தைக் காட்டித்தான் எதிர்த்தார்கள். பேசுவதற்கு இருந்திருக்கிறது, இல்லையா?

குற்ற நாவலை நான் பென்சிலோடு படிப்பேன். நோட்டின் ஒரு பக்கத்தில் பாத்திரங்களின் பெயர், அவர்கள் முதலில் வரும் பக்க எண். எதிர்ப்பக்கத்தில் யார் எந்த நேரத்தில் எங்கே இருந்ததாகச் சொல்கிறார்கள், அதை வேறு யார் உறுதிசெய்கிறார்கள். முக்கால் புத்தகத்தில் நிறுத்தி, குற்றவாளி யார் என்று எழுதி, மூன்று ஆதாரம் குறிக்க வேண்டும். மூன்று கிடைக்காவிட்டால் அது வெறும் ஊகம். முடித்த பிறகு முதல் ஐம்பது பக்கத்தை மறுபடி படிக்க வேண்டும். நல்ல நாவலில் அந்த ஐம்பது பக்கமும் வேறு கதையாகத் தெரியும். மோசமான நாவலில் அந்த இடத்தில் ஒன்றுமே இருக்காது. குற்றவாளி பாதிக்கு மேல்தான் அறிமுகமாகியிருப்பார். துப்பறிபவர் எதையோ குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டிருப்பார், எதை என்று நமக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கொலைக்கான காரணம் கடைசி அத்தியாயத்தில் எங்கிருந்தோ முளைத்த சிறுவயதுச் சம்பவமாக இருக்கும். ஆதாரம் செய்ய வேண்டிய வேலையைப் பத்துப் பக்க வாக்குமூலம் செய்யும். ஆமாம், இப்படி மோசமான குற்ற நாவல்கள் ஏராளம். ஏன் மோசம் என்று என்னால் சொல்ல முடிகிறது, அதைத்தான் நான் வாசிப்பு என்கிறேன்.

"எல்லாம் ஃபார்முலாதானே" என்பீர்கள். வெண்பாவுக்கும் தளை தட்டக் கூடாது, ஈற்றடி முச்சீராக வர வேண்டும். அதை யாரும் ஃபார்முலா என்று தள்ளுவதில்லை. விதி தெரிந்த வாசகரை அந்த விதிக்குள்ளேயே நின்று வியக்கவைப்பது தனித் திறமை. ஆண்டனி ஹோரோவிட்ஸின் 'மேக்பை மர்டர்ஸ்' (2016) அப்படிப்பட்டது. 1955இல் நடக்கும் ஒரு கிராமத்துக் கொலைக்கதையின் கைப்பிரதியைப் பதிப்பாசிரியர் ஒருவர் படிக்கிறார். விடை இருக்க வேண்டிய கடைசிப் பகுதியைக் காணோம். எழுதியவரும் இறந்துகிடக்கிறார். உள்கதைக்கும் வெளிக்கதைக்கும் தனித்தனி விடை, இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. கொஞ்சம் நீளம்தான், நடுவில் தொய்கிறது. ஆனாலும் இரண்டு கணக்கும் நேராகின்றன.

இப்போது "பூனை"க்கு வருகிறேன். என்னை அதிகம் காயப்படுத்தியது அந்தச் சொல்தான்.

தெம்பு தரும் நாவல் எழுதுவது இன்னும் கடினம் என்பேன். குற்ற நாவலில் தவறினால் வாசகர் கோபப்படுவார். இதில் தவறினால் வாசகர் கூசிப்போவார். ஃபிரெட்ரிக் பேக்மேனின் 'எ மேன் கால்ட் ஊவே' (ஸ்வீடிஷில் 2012) என்ன செய்கிறது என்று பாருங்கள். ஐம்பத்தொன்பது வயது ஊவே, மனைவி சோன்யா இறந்த பிறகு உயிரை விட முடிவெடுக்கிறார். ஒவ்வொரு முயற்சியையும் ஒரு சாதாரண வேலை வந்து தடுக்கிறது. டிரெய்லரைப் பின்னால் எடுக்கத் தெரியாத அண்டைவீட்டுக்காரர், ஏணியிலிருந்து விழுந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய அவசரம், சூடாகாத ரேடியேட்டர். யாரும் அவருக்கு வாழ்க்கை அழகானது என்று பிரசங்கம் செய்வதில்லை. அவர் கையிலிருக்கும் திறமைக்கு வேலை கொடுக்கிறார்கள். அவரை இழுத்துக்கொண்டு வரும் அண்டைவீட்டுப் பெண் பர்வானேவுக்கும் தன் தேவைகள் உண்டு. கர்ப்பிணி, கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும், ஊவேதான் சொல்லித்தருகிறார். உதவ வருபவருக்கென்று ஒரு வாழ்க்கை இல்லாமல் போவதுதான் இந்த வகையில் அடிக்கடி நடக்கும் பிழை, பேக்மேன் அதைத் தவிர்த்திருக்கிறார். நிகழ்காலமும் கடந்தகாலமும் மாறிமாறி வருவதால், ஊவேயின் ஒவ்வொரு முரட்டுத்தனத்துக்கும் காரணம் நமக்குக் கொஞ்சம் தாமதமாகக் கிடைக்கிறது. இதுவும் துப்பு வைப்பதுதான். அவருக்கு எதிரே நிற்கும் அதிகாரிகள் அட்டைப்பொம்மைகளாக இருக்கிறார்கள் என்பது என் குறை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தோஷிகாசு கவாகுச்சியின் 'பிஃபோர் தி காஃபி கெட்ஸ் கோல்ட்' (2015) முழுக்க விதிகளால் நிற்கிறது. ஒரு காபிக் கடையில் குறிப்பிட்ட ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால்தான் கடந்தகாலம் போகலாம். எழுந்திருக்கக் கூடாது. அந்தக் கடைக்கு வந்தவரை மட்டுமே சந்திக்கலாம். காபி ஆறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். எது செய்தாலும் நிகழ்காலம் மாறாது. கடைசி விதியில்தான் நாவல் இருக்கிறது. எதையும் மாற்ற முடியாது என்று தெரிந்தும் ஒருவர் ஏன் போக வேண்டும்? அந்தக் கேள்வியைக் கதைக்குக் கதை கூட்டிக்கொண்டே போகிறார். முதலில் நாடகமாக எழுதப்பட்டதன் தடம் தெரிகிறது. உடை வர்ணனையும் விதிகளும் திரும்பத் திரும்ப வந்து சலிப்பூட்டும். பொறுத்துப் படித்தால் பலன் உண்டு.

இதைச் சொல்லாமல் விட முடியாது. 'சஸ்பெக்ட் எக்ஸ்' எழுதிய அதே ஹிகாஷினோதான் 2012இல் 'நமியா ஜெனரல் ஸ்டோர்' நாவலையும் எழுதினார். கைவிடப்பட்ட கடைக்குள் ஒளிந்துகொள்ளும் மூன்று திருடர்களுக்கு, ஷட்டர் துளை வழியாகக் கடந்தகாலத்திலிருந்து ஆலோசனை கேட்டுக் கடிதங்கள் வருகின்றன. பதிலைப் பால் பெட்டியில் வைத்தால் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு கதையில் ஓரமாக வந்தவர் வேறொரு கதையில் நடுவில் நிற்பார். எல்லா இழையும் ஒரு குழந்தைகள் இல்லத்தில் போய் முடியும். பிணம் இல்லாத மர்ம நாவல் அது. "ஒரு பக்கம் பிணம், இன்னொரு பக்கம் பூனை" என்று இரண்டு தட்டாகப் பிரித்தவர் இந்த இரண்டையும் படித்திருந்தால் அந்த வாக்கியம் வாயில் வந்திருக்காது. ஒரே கை, ஒரே உத்தி.

ரிச்சர்ட் ஆஸ்மனின் 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' (2020) இரண்டையும் ஒரே புத்தகத்துக்குள் வைத்தது. முதியோர் குடியிருப்பில் நான்கு பேர் பழைய வழக்குகளைத் துருவுகிறார்கள். சிரித்துக்கொண்டே போகும்போது, அவர்களில் ஒருவரான எலிசபெத்தின் கணவர் ஸ்டீபனின் நினைவு கரைவது தெரிய வரும். அந்த வலியை மறைக்காமல்தான் அந்த நாவல் தெம்பு தருகிறது.

"பொய்யான ஆறுதல்" என்று ஒருவர் தனிச்செய்தியில் எழுதியிருக்கிறார். ஐயா, இங்கே சொன்ன கதைகளில் மனைவி இறந்துதான் இருக்கிறாள், நிகழ்காலம் மாறவில்லை, மறதிநோய் குணமாகவில்லை. எங்கே பொய்? இருட்டாக முடிந்தால் மட்டும் உண்மையாகிவிடுமா? எத்தனை நாவல்கள் காரணமே இல்லாமல் கடைசியில் ஒருவரைச் சாகடித்து ஆழம் என்று பெயர் வாங்குகின்றன! அங்கே ஏன் யாரும் கணக்குக் கேட்பதில்லை?

மொழி தட்டையாக இருக்கிறது என்ற குறை பல புத்தகங்களுக்குப் பொருந்தும். ஒப்புக்கொள்கிறேன். நேரம் குறைவு, அதனால் உயர்ந்ததை மட்டும் படிக்கிறேன் என்பவர்கள் தாராளமாகப் படிக்கட்டும், அடுத்தவர் பட்டியலில் கை வைக்க அது காரணமாகாது.

இந்த இளக்காரம் புதிதும் இல்லை. அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1944இல் துப்பறியும் கதைகளைத் தாக்கி நியூயார்க்கர் இதழில் எழுதினார். வாசகர்கள் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். அவர் அவர்கள் சொன்ன புத்தகங்களை வாங்கிப் படித்துவிட்டு, 1945 ஜனவரியில் இன்னும் கடுமையாக இரண்டாவது கட்டுரை எழுதினார். அவர் முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் படித்தார், காரணம் சொன்னார். 1948இல் கவிஞர் டபிள்யூ.எச். ஆடன், தனக்குத் துப்பறியும் கதை ஒரு போதை என்று ஒப்புக்கொண்டு, அது ஏன் இழுக்கிறது என்று ஆராய்ந்து எழுதினார். வெறுத்தவரும் விரும்பியவரும் அந்தப் புத்தகங்களை மதித்து உழைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை நம்மிடம் அந்த உழைப்பில் ஒரு துளியும் இல்லை. ஒருவர் தயங்கித் தயங்கித் தனக்குப் பிடித்ததைச் சொல்ல வந்தார், நாம் அவரைச் சிரித்து அனுப்பினோம். இனி அவர் தனக்கு உண்மையில் பிடித்ததைச் சொல்வாரா, நமக்குப் பிடிக்கும் பெயர்களைச் சொல்வாரா?

அடுத்த கூட்டத்துக்கு 'சஸ்பெக்ட் எக்ஸ்', 'நமியா' இரண்டையும் எடுத்துக்கொள்வோம் என்று முன்மொழிகிறேன். முதலில் 'சஸ்பெக்ட் எக்ஸ்', பிறகு 'நமியா', இந்த வரிசையில் படித்தால் உத்தி எப்படி இடம் மாறியது என்பது தெரியும். முடிவை முன்கூட்டியே யாரும் குழுவில் போட வேண்டாம். மட்டம் என்று நினைப்பவர்கள் எந்தப் பக்கத்தில் எது பிசகியது என்று குறித்துக்கொண்டு வாருங்கள், நான் என் நோட்டோடு வருகிறேன். சிரித்தவர்கள் அதற்கு முன்னால் அந்தப் பெண்ணுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.