பழைய விமர்சனம் படுத்தும் பாடு

இங்கிலாந்துப் பப் ஒன்றைப் பற்றி 2006-இல் எழுதிய என் விமர்சனம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதில் வரும் பப்தான் இப்போது அப்படி இல்லை. ‘சிகரெட் புகை ஒன்றே குறை’ என்று அலுத்துக்கொண்டிருக்கிறேன். 2007 ஜூலை 1 முதல் அங்கே உள்ளே புகைக்கவே தடை! அந்த வரியை மட்டும் வெட்டினால் போதுமா? நடத்துபவர் மாறிவிட்டார், டார்ட்ஸ் பலகையும் போய்விட்டது.

சரி, புதிதாகவே எழுதலாம் என்று போனால் பீர் புளிக்கிறது. பீப்பாய் ஏல் என்னும் அந்தப் பீர் வகை, திறந்தால் மூன்று நாளுக்குள் தீர வேண்டிய பண்டம். நான் போனது நான்காம் நாளோ என்னவோ! ஒரு மாலைப் புளிப்புக்காகப் பழைய பாராட்டையெல்லாம் அழிப்பதா? (கணப்படுப்பைப் பற்றிய பத்தி வேறு நன்றாக வந்திருக்கிறது.) இன்னொரு முறை பார்த்துவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் நடத்துபவர் மறுபடியும் மாறிவிட்டாராம்.