குமிழி விடும் கேனிஸ்டர் ஃபில்டர்

மீன்தொட்டிக்கு வெளியே வைத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் கேனிஸ்டர் ஃபில்டரைக் கழுவி மாட்டினாலே கரகரவென்று ஒரு சத்தம், வெளியேறும் குழாயில் பொடிப்பொடியாகக் குமிழிகள். கழுவிய அன்று வந்தால் சரி, உள்ளே சிக்கிய காற்று. ஃபில்டரை மெல்லச் சாய்த்து ஆட்டினால் குபுக்கென்று வெளியேறிவிடும். மறுநாளும் விடாமல் வந்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கிருந்தோ காற்று நுழைகிறது, ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கசியாது! தண்ணீர் மட்டத்துக்கு மேலே வளைந்து இறங்கும் உறிஞ்சு குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே மயிரிழை இடைவெளி போதும், காற்று உள்ளே போகும், தண்ணீர் வெளியே வராது. ஈரம் எங்கே என்று தடவித் தடவித் தேடுவது வீண்வேலை. இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, காய்ந்துபோன ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்துக்கு சிலிகோன் கிரீஸ் தடவி மாட்டத்தான் வேண்டும். தொட்டிக்குள் குமிழி விடும் காற்றுக்கல் உறிஞ்சு குழாயின் வாயருகே இருந்தாலும் இதே கதைதான். அதை நகர்த்தினால் தீர்ந்தது.

இதில் ஒன்றாவது கையேட்டில் இருக்கிறதா? 'இணைப்புகளைச் சரிபார்க்கவும்' என்று ஒரே வரி. எந்த இணைப்பு, எப்படிச் சரிபார்ப்பது என்று ஒரு படம் போட்டால் என்ன குறைந்துவிடும்? கைவிரல் தேயும்வரை கழற்றி மாட்டுகிறவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.