எடைச்சீட்டிலேயே இருக்கிறது குற்றம்

டிப்பர் லாரிகளில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவதைப் பற்றிப் பேச்சு வந்தால் திட்டுவதற்கு எல்லோருக்கும் ஒரு முகம் தேவைப்படுகிறது. கைக்கு எட்டுவது ஓட்டுநரின் முகம். பேராசைக்காரன், மனசாட்சி இல்லாதவன், உரிமத்தைப் பறிக்க வேண்டும் என்று ஆளுக்கொரு தீர்ப்பு. எடை வரம்பைத் தளர்த்த வேண்டும் என்று வாதாட நான் வரவில்லை. இன்னும் கறாராக்க வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் அந்தக் கறாரை இப்போது தவறான இடத்தில், தவறான ஆளிடம் காட்டிக்கொண்டிருக்கிறோம். பாரம் கூடுவது ஏற்றுமிடத்தில். லாரி நெடுஞ்சாலைக்கு வந்து சேரும்போது குற்றம் நடந்து முடிந்து, தார்ப்பாய் போட்டு மூடியும் ஆகியிருக்கும்.

வரம்பு என்றால் என்ன என்பதிலேயே பாதிப் பேருக்குக் குழப்பம். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் மொத்த எடை என்பது வண்டி, தொட்டி, டீசல், ஓட்டுநர், பாரம் எல்லாம் சேர்ந்தது. இந்தியாவில் 2018 ஜூலையில் அச்சு எடைகளை (இருபக்கச் சக்கரங்களையும் இணைக்கும் தண்டுதான் அச்சு; அது ஒவ்வொன்றும் சுமக்கலாம் என்ற எடையை) மத்திய அரசு உயர்த்தியபோது மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. உடனே '28 டன் ஏற்றலாமாம்' என்று பேசியவர்கள் உண்டு. வெற்று டிப்பரே பத்து டன்னை ஒட்டி இருக்கும். ஹைட்ராலிக் சிலிண்டரும் தடித்த இரும்புத் தொட்டியும் சும்மா வருவதில்லை. கழித்தால் மிஞ்சுவது பதினெட்டுச் சொச்சம்தான்.

மொத்த எடைக்குள் நின்றுவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். ஒவ்வோர் அச்சுக்கும் தனி வரம்பு இருக்கிறது. அதே 2018 அறிவிப்பில் நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்பது 11.5 டன்னாகவும், அடுத்தடுத்து இருக்கும் இரட்டை அச்சுக்கு 19 டன் என்பது 21 டன்னாகவும் உயர்ந்தன. பொக்லைன் இயக்குபவர் கடைசி இரண்டு வாளியைத் தொட்டியின் பின்பக்கம் கொட்டிவிட்டால் மொத்த எடை சரியாக இருந்தாலும் பின் அச்சுகள் வரம்பைத் தாண்டிவிடும். சாலையும் பாலமும் உணர்வது அச்சு அழுத்தும் எடையை. மொத்த எடை அவற்றுக்கு நேரடியாகத் தெரியாது.

இந்த விஷயத்தில் அமெரிக்கர்களின் ஏற்பாடு எனக்குப் பிடித்தமானது. அங்கே மாநிலங்களை இணைக்கும் பெருவழிகளில் மொத்த வரம்பு 80,000 பவுண்டு, அதாவது 36 டன்னுக்குச் சற்று மேல். ஒற்றை அச்சுக்கு 20,000, இரட்டை அச்சுக்கு 34,000. இவற்றுக்கு மேலே பாலங்களுக்கென ஒரு சூத்திரமும் வைத்திருக்கிறார்கள்: அச்சுகள் எத்தனை, முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் இடையே எத்தனை அடி என்பதை வைத்து அனுமதி எடையைக் கணக்கிடுவது. நான்கு அச்சுகள் இருபது அடிக்குள் நெருக்கமாக இருந்தால் சுமார் 55,500 பவுண்டுதான். அதே நான்கு அச்சுகள் 36 அடிக்குப் பரவியிருந்தால் 66,000. மெல்லிய பலகையின் நடுவில் நான்கு பேர் ஒட்டி நிற்பதற்கும் தள்ளித் தள்ளி நிற்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. டிப்பருக்கு இதில் பிறவிக் குறை ஒன்று உண்டு. குறுகலான வேலையிடத்தில் திரும்ப வேண்டும் என்பதற்காக அதன் உடலைக் குட்டையாகச் செய்கிறார்கள். கனமான பாரம், குட்டை உடல் என்ற சேர்க்கை பாலத்துக்கு ஆகாது. பின்னால் நீட்டிக்கொண்டு இறங்கும் கூடுதல் அச்சுள்ள டிப்பர்கள் அங்கே ஓடுவதற்கு இந்தச் சூத்திரம் ஒரு முக்கியக் காரணம்.

ஐரோப்பிய ஒன்றியம் 1996ஆம் ஆண்டு விதியில் வேறொரு நுணுக்கத்தைச் சேர்த்தது. மூன்று அச்சு வண்டிக்கு 25 டன். இயக்கும் அச்சில் இரட்டை டயரும் சாலையைக் குறைவாக வருத்தும் காற்று ஸ்பிரிங்கும் இருந்தால் 26 டன். ஒரு டன் பெரிய சலுகை அல்ல. ஆனால் சாலையை எது கெடுக்கிறது என்று யோசித்து எழுதப்பட்ட சலுகை.

எது கெடுக்கிறது என்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. 1958 முதல் 1960 வரை இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா ஊருக்கருகே சோதனைக்கென்றே சாலைகளைப் போட்டு, ராணுவ வீரர்களை ஓட்டுநர்களாக்கி, வெவ்வேறு எடையில் லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் நான்காம் அடுக்கு விதி: அச்சின் எடை எத்தனை மடங்காகிறதோ அந்த எண்ணை நான்கு முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் சாலையின் தேய்மானம் எவ்வளவு கூடும் என்று ஏறத்தாழத் தெரிந்துவிடும். எடை இரட்டித்தால் தேய்மானம் பதினாறு மடங்கு. எடை ஒன்றரை மடங்கானால் தேய்மானம் ஐந்து மடங்கு. அடித்தளத்தையும் சாலையின் வகையையும் பொறுத்து இந்த அடுக்கு மாறும் என்பது பொறியாளர்களுக்குத் தெரியும். ஆனால் நேர்விகிதம் என்று யாரும் சொல்வதில்லை.

இங்கே ஒரு பிரபலமான வாதத்தைச் சந்தித்தாக வேண்டும். 'ஒரே நடையில் அதிகம் ஏற்றினால் நடைகள் குறையும், டீசல் மிச்சம், சாலையில் லாரிகளும் குறையும், நல்லதுதானே?' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து டன் வண்டி, 28 டன் வரம்பு, 18 டன் பாரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்த எடையை ஒன்றரை மடங்காக்கி 42 டன்னுக்கு ஏற்றினால் பாரம் 32 டன். ஒரு நடையில் முன்பைவிட 1.8 மடங்குக்குச் சற்றுக் குறைவாகச் சரக்கு போகிறது. ஆனால் அந்த நடை சாலையை ஐந்து மடங்கு தேய்க்கிறது. நடைகள் குறைந்ததைக் கழித்த பிறகும், கொண்டு சேர்த்த ஒவ்வொரு டன்னுக்கும் சாலை கொடுத்த விலை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. டீசல் மிச்சம் லாரி உரிமையாளருக்கு. தேய்மானச் செலவு வரி கட்டும் எல்லோருக்கும். யாருடைய பணத்தை யார் மிச்சப்படுத்துகிறார்கள் என்று சொல்லாமல் 'சிக்கனம்' என்று பேசுவது எனக்கு எரிச்சலைத் தருகிறது.

பிரேக், டயர், சாய்வு பற்றியெல்லாம் நீட்டி எழுத வேண்டியதில்லை; ஓட்டுநர்களுக்கே நன்றாகத் தெரியும். எடை கூடிய விகிதத்தில் பிரேக் தாங்க வேண்டிய வெப்பமும் கூடும், நீண்ட இறக்கத்தில் அது கைவிடும். டிப்பருக்கென்று கூடுதலாக ஓர் ஆபத்து உண்டு: கொட்டும்போது தொட்டி மேலே எழும். ஈர மண் முன்பக்கம் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தால் அத்தனை எடையும் உச்சியில் நிற்கும். தரை சற்றுச் சாய்ந்திருந்தாலும் வண்டி பக்கவாட்டில் விழும். அதிக பாரத்தின் ஆபத்து வண்டி நின்ற பிறகும் ஓய்வதில்லை.

இனி என் முக்கியமான புகார். சட்டம் டன்னில் எழுதப்பட்டிருக்கிறது. மணலும் ஜல்லியும் பல இடங்களில் கன அடியிலோ கன மீட்டரிலோ கைமாறுகின்றன. காய்ந்த மணல் கன மீட்டருக்குச் சுமார் 1.6 டன். நனைந்துவிட்டால் அதே மணல் இரண்டு டன்னை நெருங்கும். நிலக்கரி ஒரு டன்கூட வராது. 16 கன மீட்டர் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிலக்கரியை விளிம்பு வரை நிரப்பினால் 14 டன்னுக்குள் அடங்கும், சட்டத்துக்கு உட்பட்டது. அதே தொட்டியில் காய்ந்த மணலை விளிம்பு வரை நிரப்பினால் 25 டன்னைத் தாண்டும். இரவெல்லாம் மழையில் நனைந்த மணல் என்றால் 30 டன்னைத் தொடும். மேலே இருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஓட்டுநர் ஸ்பிரிங் பட்டை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, டயர் எவ்வளவு பிதுங்கியிருக்கிறது என்று பார்த்து ஊகிக்கலாம். அது அனுபவம், அளவீடு ஆகாது. இதற்கு மேல் தொட்டியின் பக்கவாட்டில் பலகை அடித்து உயரத்தைக் கூட்டியும் விடுகிறார்கள். அந்தப் பலகையை அடிக்கச் சொன்னவர் ஸ்டியரிங்கைத் தொட்டிருக்கவே மாட்டார்.

'குவாரியிலும் கல்லை உடைத்து ஜல்லியாக்கும் கிரஷரிலும்தான் எடைமேடை இருக்கிறதே' என்று கேட்பீர்கள். பல இடங்களில் இருக்கிறது. வெற்று வண்டியை நிறுத்தி ஓர் எடை, பாரத்தோடு நிறுத்தி ஓர் எடை, இரண்டையும் கழித்து நிகர எடை, அதற்குப் பணம். எல்லாம் துல்லியமாக நடக்கிறது. மொத்த எடை 38 டன் என்று எடைச்சீட்டில் அச்சாகி வருகிறது. அந்த லாரிக்குச் சட்டம் அனுமதிப்பது 28.5 என்பது எடைமேடைக்காரருக்கும் தெரியும், ஏற்றியவருக்கும் தெரியும். சீட்டைக் கிழித்து ஓட்டுநரிடம் கொடுத்து 'போய் வா' என்கிறார்கள். நடந்த குற்றத்தின் சாட்சியத்தை நாள், நேரம், வண்டி எண்ணோடு அச்சிட்டு, அதை ஏற்றியவரே கையில் கொடுத்து அனுப்பும் தொழில் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பிறகு சாலையில் சோதனை. இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டத்தை எடுத்துக்கொண்டால், 2019ஆம் ஆண்டு திருத்தத்துக்குப் பின் 194ஆம் பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், மிகைப் பாரத்தை இறக்கும் செலவு தனி. எடை போட நிற்காமல் போனால் 40,000 ரூபாய். மிகைப் பாரத்தை இறக்காமல் வண்டியை விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005லேயே சொல்லிவிட்டது. பணம் வாங்கிக்கொண்டு அதிக பாரத்துக்கு அட்டை கொடுத்த மாநிலங்களின் பழக்கமும் அந்தத் தீர்ப்போடு செல்லாததாயிற்று. தீர்ப்பில் எனக்குக் குறை இல்லை. ஆனால் டிப்பரில் 'மிகையை மட்டும் இறக்கு' என்பது எப்படி நடக்கும் என்று யாராவது யோசித்தார்களா? மூட்டை என்றால் பத்து மூட்டையைத் தூக்கி வைக்கலாம். டிப்பரில் தொட்டியைத் தூக்கினால் எவ்வளவு சரியும் என்பது ஓட்டுநரின் கையில் முழுதாக இல்லை. சாலையோரத்தில் கொட்டிய ஒன்பது டன் ஜல்லி அடுத்த விபத்துக்கான ஏற்பாடு. மண்வெட்டியோடு நான்கு ஆட்களை நெடுஞ்சாலையில் எங்கே போய்த் தேடுவது?

அதே சட்டம் ஓட்டியவரை மட்டும் குறிவைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓட்ட வைத்தவரும் ஓட்ட அனுமதித்தவரும் பொறுப்பு என்கிறது 194. ஓட்டுநர் உரிமையாளராக இல்லாவிட்டால், உரிமையாளருக்குத் தெரிந்தோ அவர் சொல்லியோதான் இது நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்கிறது 113. நல்ல வாசகங்கள். ஆனால் சோதனைச் சாவடியில் நிற்பவர் ஓட்டுநர், வண்டியும் அவர் கையில். வழக்கு அவரிடமே தொடங்கி பெரும்பாலும் அவரிடமே முடிகிறது. பாரத்தை ஏற்றி அனுப்பிய இடம் வரை யாரும் திரும்பிப் போவதில்லை.

ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் இதை வேறு மாதிரி செய்கிறார்கள். அங்கே கனரக வாகனச் சட்டத்தில் 'பொறுப்புச் சங்கிலி' என்று ஓர் ஏற்பாடு. சரக்கை அனுப்புபவர், ஏற்றுபவர், ஏற்றுவதை மேற்பார்க்கிறவர், நேர அட்டவணை போடுபவர், பெற்றுக்கொள்பவர் எல்லோரும் சங்கிலியில் கண்ணிகள். 2018 அக்டோபரில் அதை இன்னும் இறுக்கி, நிறுவனத்தின் உயர் அதிகாரிகளுக்கும் தனிக் கடமை வைத்தார்கள். ஓட்டுநர் விதியை மீறத் தூண்டும்படியான ஒப்பந்தம் போடுவதும் அங்கே குற்றம். எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசி விஷயம்தான். டன்னுக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டு, அதிகம் ஏற்றாதே என்று உபதேசம் செய்வதில் அர்த்தம் இல்லை. வரம்புக்குள் ஏற்றும் உரிமையாளர் ஒரு டன்னுக்குக் கேட்கும் வாடகை கூடுதலாகத்தான் இருக்கும். அடுத்தவர் பத்து டன் கூட ஏற்றிக் குறைந்த வாடகைக்கு ஓடினால் ஒழுங்காக இருப்பவர் தொழிலை விட்டுப் போவார். ஓட்டுநர் மறுத்தால் மறுநாள் சாவி வேறொருவர் கையில் இருக்கும்.

வண்டியிலேயே எடை காட்டும் கருவி பொருத்தினால் தீர்ந்துவிடும் என்பவர்களும் இருக்கிறார்கள். காற்று ஸ்பிரிங்கின் அழுத்தத்தை வைத்தோ, உணர்கருவியை வைத்தோ எடையைக் காட்டும் கருவிகள் வந்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியமும் 2015 திருத்தத்தில் அவற்றுக்கு இடம் கொடுத்தது. நல்ல உதவிதான். ஆனால் ஓட்டுநருக்கு எண் தெரிவதால் மட்டும் அவருக்கு மறுக்கும் அதிகாரம் வந்துவிடாது. எண் ஏற்கெனவே எடைச்சீட்டில் இருக்கிறதே!

வரம்பை உயர்த்தினால் மீறல் குறையும் என்ற வாதத்தையும் நான் நம்பவில்லை. சாலைகளும் வண்டிகளும் மேம்பட்டால் வரம்பை உயர்த்துவதில் தவறில்லை. ஆனால் 25ஐ 28.5 ஆக்கினால், 38 ஏற்றிக்கொண்டிருந்தவருக்கு அபராதத்தில் மூன்றரை டன் கழிவு கிடைக்கும். அவர் ஏன் 28.5க்கு இறங்கி வர வேண்டும்?

நான் கேட்பது மிகச் சாதாரணமான ஒன்று. குவாரி, கிரஷர், சுரங்கம், மணல் கிடங்கு எதுவானாலும் எடைமேடையின் கணினியில் அந்த வண்டி எண்ணுக்கு உரிய வரம்பு பதிவாகியிருக்க வேண்டும். அதைத் தாண்டினால் சீட்டு அச்சாகக் கூடாது. தாண்டிய சீட்டோடு லாரி சாலையில் பிடிபட்டால் முதல் அபராதம் சீட்டைக் கொடுத்தவருக்கு. மிகையை இறக்குவதற்கு அங்கே ஆள் தேட வேண்டியதில்லை. ஏற்றிய பொக்லைன் அங்கேயேதான் நிற்கிறது. லாரியைத் திருப்பிக்கொண்டு வந்தால் நான்கைந்து வாளியில் வேலை முடிந்துவிடும். இதில் நடைமுறைச் சிக்கல் என்ன இருக்கிறது என்று கிரஷர் நடத்துகிறவர்கள் யாராவது கருத்துப் பெட்டியில் சொல்லுங்கள். 'எல்லோரும் அப்படித்தான் ஏற்றுகிறார்கள்' என்ற பதிலை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதைத்தான் இவ்வளவு நேரம் எழுதியிருக்கிறேன்.