விழுந்த மறுநாள் ஏன் ஜெபிக்கத் தயங்குகிறோம்?

நல்ல விசுவாசி ஒருவர். அதிகாலை ஜெபம், வேத வாசிப்பு, உபவாசம் எதிலும் குறை வைக்காதவர். ஒருநாள், விட்டுவிட்டதாக நினைத்த பழைய பாவத்தில் மறுபடி விழுந்துவிடுகிறார். அன்று இரவு அவரால் முழங்கால் போட முடியவில்லை. 'எந்த முகத்தோடு போய் நிற்பது? ஒரு வாரம் ஒழுங்காக இருந்துவிட்டு அப்புறம் ஜெபிக்கலாம்' என்று தள்ளிப்போடுகிறார்.

நியாயப்பிரமாணத்தின்கீழ், அதாவது மோசேயின் சட்டத்தின்கீழ் வாழ்வது என்றதும், அதைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட பரிசேயர்தான் நமக்கு ஞாபகத்துக்கு வருகிறார்கள். எனக்கு இந்த ஒரு வாரத்தை நினைத்தால்தான் பயம். அந்த ஏழு நாளில் தனக்கென்று கொஞ்சம் நீதியைச் சேர்த்துக்கொண்டு தேவனிடம் போகப் பார்க்கிறார். சிலுவையில் முடிந்துபோன காரியத்துக்குத் தன் பங்கையும் போட நினைக்கிறார். வாய் கிருபையைப் பாடும். உள்ளே கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

லூக்கா 18-ல் வரும் ஆயக்காரன், ஜனங்கள் பாவி என்று ஒதுக்கிய வரி வசூலிப்பவன், அப்படிக் காத்திருக்கவில்லை. தூரத்தில் நின்று, வானத்தை ஏறெடுத்துப் பார்க்கவும் துணியாமல், மார்பில் அடித்துக்கொண்டு, "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்றான். இருந்தபடியே வந்தான், நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குப் போனான். லூக்கா 15-ல் சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பும் இளைய குமாரனோ 'கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்' என்று சொல்ல யோசித்துக்கொண்டு வந்தவன். வேலை செய்து கடனைக் கழிக்கலாம் என்ற எண்ணம். அந்த வரி அவன் வாயில் வருவதற்குள் தகப்பன் உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

பவுல் எழுதிய கலாத்தியர் நிருபத்தைப் பொறுமையாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஒழுக்கக்கேடும் கட்சிப்பிரிவும் நிறைந்த கொரிந்து சபைக்குக்கூட, அவர்களுக்காகத் தேவனை ஸ்தோத்திரித்துவிட்டுத்தான் பவுல் விஷயத்துக்கு வருகிறார். கலாத்தியருக்கு அந்த ஸ்தோத்திரம் இல்லை. வாழ்த்து முடிந்ததும் நேரே கண்டிப்புதான். இத்தனைக்கும் அவர்கள் கிறிஸ்துவை விட்டுவிடவில்லை. கிறிஸ்துவோடு விருத்தசேதனமும் வேண்டும் என்று சொன்னவர்களுக்குக் காது கொடுத்தார்கள், அவ்வளவுதான். "ஆவியினாலே ஆரம்பம்பண்ணின நீங்கள் இப்பொழுது மாம்சத்தினாலே முடிவுபெறப்போகிறீர்களோ?" என்ற கேள்வி விசுவாசிகளைப் பார்த்துக் கேட்டது.

அதே நிருபத்தில் அந்தியோகியா சம்பவமும் இருக்கிறது. யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபினிடத்திலிருந்து யூதர் சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுலின் உடன் ஊழியர் பர்னபாவும் அவர் பின்னால் போய்விட்டார். பேதுருவின் உபதேசம் மாறவில்லை, உட்காரும் இடம்தான் மாறியது. பவுல் அதற்கே எல்லார் முன்பாகவும் முகமுகமாக எதிர்த்தார். கிருபையைப் பிரசங்கிப்பவர் யாரோடு உட்காருகிறார் என்பதிலும் சுவிசேஷம் அடங்கியிருக்கிறது என்பதால்தான் அவருக்கு அத்தனை கோபம்.

'இப்படிப் போதித்தால் ஜனங்கள் இஷ்டத்துக்கு வாழ்வார்கள்' என்று மூத்தவர்கள் கவலைப்படுவது எனக்குப் புரிகிறது. கிருபையைச் சாக்காக்கிப் பாவம் செய்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா?" என்று ரோமர் 6-ல் பவுலே கேட்டு, கூடாது என்கிறார். மனந்திரும்புதல் கேட்காத 'மலிவான கிருபையை'க் குறித்து எச்சரித்த ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர் 1945-ல் நாஜிகளால் தூக்கிலிடப்பட்டார். கிருபை ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அவர் வாழ்க்கையைப் பார்த்தால் போதும். தீத்து 2-ல், அவபக்தியை வெறுக்க நமக்குப் போதிப்பதே தேவகிருபைதான் என்று எழுதியிருக்கிறது. சட்டத்தைவிடக் கிருபை அதிகம் கேட்கும். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் கொடுத்தாயிற்று என்று குறித்துவைக்க முடியும், சகோதரனை மன்னித்து முடித்தாயிற்று என்று குறித்துவைக்க முடியுமா? ஒற்தலாம் என்ற புதினாவிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் கொடுத்தவர்கள் நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டார்கள் என்று இயேசு சொன்னார். தசமபாகத்தையும் விடச் சொல்லவில்லை. உபவாசம் இருங்கள், அதிகாலையில் எழும்புங்கள், ரொம்ப நல்லது. ஏற்கெனவே நேசிக்கப்பட்டவராக அதைச் செய்யுங்கள்.

சபையில் பொறுப்பில் இருக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பல மாதம் வராத ஒருவர் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தால், 'ஏன் இத்தனை நாள் காணோம்?' என்று ஆரம்பிக்காதீர்கள். கண்டிக்க வேண்டியது இருந்தால் பிறகு தனியாகப் பேசலாம். அன்றைக்கு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள், ஆராதனை முடிந்ததும் உங்களோடு சாப்பிடக் கூப்பிடுங்கள்.