பங்குச் சந்தையில் லிஸ்ட் ஆனது ராஸ்பெரி பை அறக்கட்டளை இல்லை

"ராஸ்பெரி பை அறக்கட்டளை ஷேர் மார்க்கெட்டுக்குப் போயிடுச்சு, இனி இலவசப் பாடம் கிடையாது" என்று சொல்வது தவறு. ராஸ்பெரி பை என்பது ஒரே போர்டில் அடங்கிய சின்ன கம்ப்யூட்டர். 2024 ஜூனில் லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலானது அந்த போர்டைத் தயாரிக்கும் நிறுவனம். அறக்கட்டளை தனி, பிரிட்டனில் பதிவான தொண்டு அமைப்பாகவே இருக்கிறது. அந்த நிறுவனத்தின் பெரிய பங்குதாரரும் அதுதான். அறக்கட்டளை நடத்தும் கோட் கிளப் (பிள்ளைகளுக்கான புரோகிராமிங் வகுப்பு), ஸ்கிராட்ச், பைத்தான் ஆகிய புரோகிராமிங் மொழிகளுக்கான பாடங்கள் இன்றும் இலவசம். அவற்றைப் படிக்க பை போர்டே தேவையில்லை, பிரவுசர் உள்ள பழைய லேப்டாப் போதும்.

பள்ளிக்கு வாங்குபவர்கள் போர்டு விலையை மட்டும் கணக்குப் போடாதீர்கள். ராஸ்பெரி பை 4 மாடலுக்கு மைக்ரோ எஸ்டி கார்டு, மைக்ரோ ஹெச்டிஎம்ஐ கேபிள், 5.1 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் எல்லாம் தனிச் செலவு. சாதாரண போன் சார்ஜரைச் செருகினால் வோல்டேஜ் இறங்கி, திரையில் மின்னல் குறி வரும். வேகம் குறையும், பாதியில் ரீஸ்டார்ட்டும் ஆகலாம். பிள்ளைகளோ புரோகிராமில்தான் தப்பு என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.